தளபதி தூங்காத கட்டில்

எல்லோரும் சார்ல்ஸ்டன் நகரத்துக்குச் சரித்திரம் பார்க்கப் போவார்கள். நான் பல் கட்டிக்கொள்ளப் போனேன். திரும்பும்போது எனக்கு இருபத்தெட்டுப் பல் கூடியிருந்தது. ஊருக்கு ஒரு சரித்திரம் கூடியிருந்தது. இரண்டுமே கையால் செய்தவை.

எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. ஊர் மேட்டுப் பக்கம், கடலிலிருந்து நாலு மணி நேரப் பயணம். தொழில் கிணறு தோண்டுவது. பெருமைக்குச் சொல்லவில்லை, நான் தோண்டிய ஒரு கிணற்றில் காலையில் வாளியைப் போட்டால் சாயங்காலம்தான் சத்தம் கேட்கும். அதற்குள் வாளி போட்டவர் வேறு ஊருக்குக் குடிபோயிருப்பார். டாக்டர் க்ரல் என் வாயில் மிச்சமிருந்ததையெல்லாம் ஒரே காலையில் பிடுங்கிவிட்டு, "அளவெடுத்தாச்சு ஹாய்ட். அடுத்த வாரம் சனிக்கிழமை வாங்க, செட்டு தயாரா இருக்கும்" என்றார். அன்று புதன்கிழமை. பத்து நாள் தங்க இடம் தேடி மஸீக் விடுதிக்குப் போனேன்.

விடுதியை நடத்தியவர் மிஸ் லவீனியா மஸீக். எழுபது வயது, கல்யாணம் ஆகாதவர். இந்த ஊரில் கல்யாணம் ஆகாத அம்மாவுக்கு எத்தனை வயதானாலும் மிஸ்தான். நான் பையைக் கீழே வைப்பதற்குள் மூன்று கேள்வி கேட்டார்: பெயர் என்ன, ஊர் எது, அம்மா எந்தக் குடும்பம். மூன்றுக்கும் பதில் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்க மனசு தங்கம்" என்றார்.

சார்ல்ஸ்டனில் இதை ஒருவர் உங்களைப் பார்த்துச் சொன்னால், அவர் உங்களை மேற்கொண்டு மனிதராகக் கருதும் உத்தேசத்தில் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குக் கொல்லைப்புறத்துப் பழைய சமையற்கட்டில் ஓர் அறை கிடைத்தது.

அந்த வீட்டில் அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய பழைய உள்நாட்டுச் சண்டைக்குப் பிறகு எதுவும் வேலை செய்யவில்லை. அதுதான் அதன் மதிப்பு. கூடத்துக் கடிகாரம் தெற்குப் படை சரணடைந்த நிமிஷத்தில் நின்றதாம். துக்கத்தில் நின்றது என்றார் மிஸ் லவீனியா. நான் திறந்து பார்த்தேன். பல்லி செத்துக் கிடந்தது. அந்தப் பல்லியும் துக்கத்தில்தான் செத்திருக்க வேண்டும். நிலநடுக்கத்தில் சாய்ந்த தரையை யாரும் நிமிர்த்தவில்லை. வாசலில் ஒரு கோலிக்குண்டை விட்டால் அது கூடம், சாப்பாட்டறை, பின்கட்டு எல்லாம் பார்த்துவிட்டு என் கட்டிலுக்கு அடியில் வந்து ஓய்வெடுக்கும். வந்த மூன்றாம் நாளே எனக்கு நாற்பது கோலிக்குண்டும் ஒரு தைலப் புட்டியும் ஒரு பாதிரியாரின் தொப்பியும் சேர்ந்துவிட்டன.

காலைச் சாப்பாட்டில் கர்னல் டார்ப்லியைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு, வெள்ளை மீசை, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. எந்தப் படையிலும் இருந்தவர் அல்ல. பக்கத்து மாநில ஆளுநர் ஒருவருடைய பந்தயக் குதிரைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது மருந்து சொன்னாராம். அதற்குக் கிடைத்த கர்னல் பட்டம். குதிரைக்கு ஏதாவது பட்டம் கிடைத்ததா என்று கேட்டேன். அவருக்குக் காது கேட்கவில்லை.

"என் கொள்ளுத்தாத்தா இந்த வீட்டு மாடி முன்னறையில, அந்த நாலு தூண் கட்டில்லதான் பொறந்தாரு" என்றார் என்னிடம், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "அந்தக் கட்டில்ல படுத்தா ரத்தம் ரத்தத்தோட பேசுது. உங்க பக்கம் அதெல்லாம் இருக்காது."

"எங்க பக்கம் மூட்டைப்பூச்சிதான் ரத்தத்தோட பேசும், ஐயா" என்றேன்.

மேஜையின் மறுகோடியில் மிஸ் லவீனியா கோப்பையைத் தட்டில் வைத்தார். இந்த ஊரில் கோப்பையைச் சத்தம் வரும்படி வைப்பது மற்ற ஊர்களில் நாற்காலியைத் தூக்கி அடிப்பதற்குச் சமம்.

சாப்பாடு முடிந்து எனக்கான சோளக் கஞ்சியின் இரண்டாவது கிண்ணத்தை அவரே கொல்லைப்புறத்துக்குக் கொண்டு வந்தார். பல் இல்லாதவனுக்கு அந்த ஊரில் கஞ்சிதான். நாலு நாளில் என் உடம்பில் பாதிக்கு மேல் சோளமாகிவிட்டது. தோட்டத்தில் உட்கார்ந்தால் காக்கை வந்து யோசிக்கும்.

"அவர் இரண்டு நாள் தங்கறதுக்குன்னு வந்தார், மிஸ்டர் ஹாய்ட்" என்றார் தாழ்ந்த குரலில். "ஜனவரியில."

அப்போது ஏப்ரல் நடுப்பகுதி. வாடகையில் குறை வைக்கவில்லை, நடத்தையிலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் போகவில்லை.

விஷயம் இதுதான். அந்த ஊரில் புராதன விடுதிகள் சங்கம் என்று ஒன்று. மூன்று அம்மாக்கள். மூவரின் வயதையும் கூட்டினால் அது எந்தக் கட்டடத்தையும்விடப் பழையது. அவர்கள் ஒரு தெருவுக்கு ஒரு விடுதி என்று தேர்ந்தெடுத்து, வாசல் சுவரில் வெண்கலத் தகடு பதிப்பார்கள். இன்னார் இங்கே தூங்கினார் என்று அதில் எழுதியிருக்கும். அந்த ஊரில் தகடு இல்லாத வீடு துணி இல்லாமல் தெருவில் நிற்பதுபோல. மிஸ் லவீனியா இருபத்திரண்டு வருஷமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்ச்சாரியில் திருமதி பிங்கம் என்பவரின் விடுதி. அந்த அம்மாவும் இருபத்திரண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது கடைசியில் சங்கம் வருகிறது. வரும் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. சங்கத்தின் வழக்கம், தலைவியம்மா அந்த விடுதியின் ஆகப் பழைய கட்டிலில் ஒரு மணி நேரம் படுத்துப் பார்ப்பார். எழுந்து வந்து முடிவைச் சொல்வார்.

ஆகப் பழைய கட்டிலில் கர்னல் டார்ப்லி படுத்திருந்தார், ரத்தத்தோடு பேசிக்கொண்டு.

"கெளம்புங்கன்னு சொல்லிடுங்களேன்" என்றேன்.

மிஸ் லவீனியா என்னைப் பார்த்த பார்வையில், நான் அவரைக் கர்னலின் தலையணைக்கடியில் நல்ல பாம்பை விடச் சொன்னதுபோல இருந்தது. பாம்பாக இருந்தால் யோசித்திருப்பார்.

"மஸீக் வீட்டுல இருநூறு வருஷமா யாரும் விருந்தாளியைப் போகச் சொன்னதில்ல" என்றார். "எங்க பாட்டனார் காலத்துல ஒரு திருடன் வந்தான். அவனுக்கே ஷெர்ரி ஒயின் குடுத்துத்தான் அனுப்பினோம். மறுநாள் வந்து ஸ்பூனைத் திருப்பிக் குடுத்துட்டுப் போனான்."

"பின்ன என்னதான் பண்ணுவீங்க?"

"அன்னாசி வெச்சிருக்கேன்" என்றார், கத்தியை உருவியவர் சொல்வதுபோல.

இது எங்கள் மேட்டுப் பக்கத்தில் இல்லாத நாகரிகம். அந்த ஊரில் ஒவ்வொரு வாசல் கேட்டிலும் கல்லில் அன்னாசி செதுக்கியிருப்பார்கள். வருக என்று அர்த்தம். அதே அன்னாசியை விருந்தாளியின் கட்டிலில் கால்மாட்டில் வைத்தால், வந்தது போதும், மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். வைத்தவர் ஒன்றும் சொல்ல வேண்டாம். பார்த்தவர் ஒன்றும் கேட்க வேண்டாம். அவர் மறுநாள் காலையில் திடீரென்று ஒரு அத்தைக்கு உடம்பு சரியில்லை என்பார், எல்லோரும் வருத்தப்படுவார்கள், காரியம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வைத்த அன்னாசியைக் கர்னல் தின்றுவிட்டார்.

திங்கட்கிழமை ஒன்று வைத்தார். "மிஸ் லவீனியா, உங்க உபசாரத்துக்கு அளவே இல்ல" என்று கர்னல் சொல்லி, அதைப் பன்றி இறைச்சியோடு வாட்டித் தரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை இரண்டு. புதன்கிழமை நாலு. வியாழக்கிழமை காலையில் நான் அந்த அறைப் பக்கம் போனபோது கால்மாட்டில் அன்னாசிகள் மார்பளவு உயரத்தில் குவிந்திருந்தன. கர்னல் அவற்றுக்கு மேலே காலை நீட்டி மூட்டு வலிக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்ச் சந்தையில் அன்னாசி தீர்ந்துவிட்டது. துறைமுகத்தில் ஒரு கப்பலை இந்த வீட்டுக்காகவே திருப்பிவிட்டதாகப் பேச்சு. அதை நான் கண்ணால் பார்க்கவில்லை, வாசனையைத்தான் பார்த்தேன்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பழைய குடும்பத்து ரத்தம் ஓடுகிற எவனுக்கும் அன்னாசியின் அர்த்தம் தாய்ப்பாலோடு வந்திருக்கும். இவருக்கு வரவில்லை. ஆனால் மிஸ் லவீனியாவிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. தெரிந்தாலும் அவர் இன்னொரு அன்னாசிதான் வாங்குவார்.

அந்தக் குடும்பப் பெருமை வியாதிக்கு ஒரே மருந்துதான் உண்டு என்று எனக்குப் பட்டது. அந்த ஊரில் ஒரு கட்டிலில் கொலை நடந்திருந்தால் கூடுதல் மரியாதை. பேய் இருந்தால் முன்பதிவு செய்ய வேண்டும். பெரியம்மை வந்து ஏழு பேர் செத்த கட்டில் என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒரே ஒரு விஷயம் மட்டும் ஒரு கட்டிலைத் தீண்டத்தகாததாக்கும்: வடக்கத்தியான் படுத்தது.

வீட்டு வாசல் வழியாகத் தினம் ஆறு தடவை ஒரு சுற்றுலா வண்டி போகும். இழுப்பது பிஷப் என்கிற கோவேறு கழுதை. ஓட்டுவது டைரீ என்கிற ஐம்பது வயதுக்காரர். இருபது வருஷமாக ஒரே தெரு, ஒரே கதை. கழுதைக்கே கதை மனப்பாடம். எந்த வீட்டின் முன் நிற்க வேண்டும், எங்கே தலையை ஆட்ட வேண்டும் என்று சொல்லாமலே செய்யும். அதற்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. மூத்திரம் வந்தால் சரியாகத் திருமதி பிங்கம் வாசலுக்கு வந்துதான் பெய்யும். அடையாளத்துக்கு டைரீ அந்த இடத்தில் ஒரு சின்னக் கொடியைப் போட்டுவிட்டுப் போவார். பின்னால் நகராட்சி லாரி வந்து கழுவும். இருபத்திரண்டு வருஷத்தில் பிங்கம் விடுதிக்குக் கிடைத்த ஒரே விருது அந்தக் கொடி.

வியாழக்கிழமை மத்தியானம் டைரீ தொட்டியில் கழுதைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இந்த வீட்டைப் பத்தி என்ன சொல்றீங்க வண்டியில?" என்றேன்.

"மூணு தளபதி, ரெண்டு ஆளுநர், ஒரு பிரெஞ்சுப் பிரபு தூங்கினாங்கம்பேன்" என்றார் டைரீ. "எல்லாம் அந்த ஒரே கட்டில்ல. மிஸ் லவீனியா குடுத்த லிஸ்ட். தேதியைப் பாத்தா நாலு பேர் ஒரே வாரத்துல தூங்கியிருக்காங்க. அடுக்கித்தான் படுத்திருக்கணும்."

"இன்னொருத்தரைச் சேத்துக்க முடியுமா?"

"யாரு?"

"வடக்கத்தித் தளபதி ஒருத்தன். ஊரைப் பிடிச்சப்ப இங்கதான் தங்கினான். ரெண்டு மாசம். பூட்ஸைக் கழட்டாமலே கட்டில்ல ஏறிப் படுப்பான்."

டைரீ கழுதையின் காதைச் சொறிந்துவிட்டார்.

"இது நெசமா மிஸ்டர் ஹாய்ட்?"

"அந்த மூணு தளபதி அளவுக்கு நெசம்."

"இந்த வீட்டுச் சுவத்துல பின்பக்கம் ஒரு செங்கல் இருக்கு" என்றார் டைரீ. "அதுல நாலு விரல் பதிஞ்சிருக்கும். ஈரக் கல்லைத் தூக்கினப்ப பதிஞ்சது. இங்க அடிமையா இருந்த எங்க ஆளுங்க விரல். சின்ன விரல், எட்டு வயசு இருக்கும் போல. அது யாரு, எங்க படுத்துச்சுன்னு ஒரு சங்கமும் வந்து கேக்கல. இருபது வருஷமா இவங்க பொய்யத்தான் சொல்லிட்டிருக்கேன், ஐயா. ஒரு தடவை எனக்குப் பிடிச்ச பொய்யைச் சொல்றேனே. பேரு என்ன அந்தாளு?"

பெயர் யோசித்திருக்கவில்லை. ஈறு விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

"க்ரல்" என்றேன். "தளபதி க்ரல்."

என் வாயைக் காலி செய்தவரின் பெயர் ஆக்கிரமிப்புப் படைக்குப் பொருத்தமாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கர்னல் மாடி வராந்தாவில் பட்டு அங்கி போட்டுக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் கீழே தோட்டத்தில் இருந்தேன். மிஸ் லவீனியா ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் இருந்தார். பிஷப் வழக்கமான இடத்தில் நின்றது. வண்டியில் பதின்மூன்று பேர்.

"மேல பாருங்க" என்றார் டைரீ, தெருவுக்கே கேட்கிற குரலில். "அந்த ஐயா நிக்கறார் பாருங்க, அவருக்குப் பின்னால இருக்கற ரூமு. ஊர் விழுந்தப்ப வடக்குப் படையோட தளபதி க்ரல் இந்த ரூம்லதான் ரெண்டு மாசம் இருந்தான். இந்தக் கட்டில்ல பூட்ஸோட படுத்தான். முதுகு சொறியணும்னா கட்டில் தூண்லதான் சொறிவான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கு."

முதுகும் தூணும் அவருடைய சொந்தச் சரக்கு. எனக்குப் பொறாமையாக இருந்தது.

பதின்மூன்று பேரும் அண்ணாந்து கர்னலைப் பார்த்தார்கள். இரண்டு பேர் படம் எடுத்தார்கள். கழுதை தலையை ஆட்டியது. அதுவரை அந்த இடத்தில் அது ஆட்டியதில்லை.

கர்னல் இறங்கி வந்தார். முகம் மீசையின் நிறத்துக்கு வந்திருந்தது.

"மிஸ் லவீனியா" என்றார். "அந்த வண்டிக்காரன் சொல்றது உண்மையா? நான் மூணரை மாசமா ஒரு வடக்கத்தியான் படுத்த கட்டில்லயா படுத்திருக்கேன்?"

மிஸ் லவீனியாவின் கையில் செடி வெட்டும் கத்தரி இருந்தது. அதுவும் அவரும் அசையவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரே சொல். ஆமாம். அதைச் சொன்னால் நாளை மூன்று மணிக்குக் கட்டில் காலி. ஆனால் அதைச் சொல்ல, இருநூறு வருஷத்து மஸீக்குகள் அத்தனை பேரையும் வரிசையாக நிற்கவைத்து அவர்கள் முகத்தில் சேற்றைப் பூச வேண்டும். அவர் வாழ்நாளில் நிறையப் பொய் சொன்னவர்தான். எல்லாம் ஏணியில் ஏறுகிற பொய். இறங்குகிற பொய் ஒன்றுகூட இல்லை. அவர் கண் எதிர்ச்சாரிக்குப் போனது. பிங்கம் விடுதியின் மாடி ஜன்னலில் திரைச்சீலை லேசாக விலகியிருந்தது.

"உண்மைதான்" என்றார் மிஸ் லவீனியா.

சொன்ன பிறகு ஒரு ரோஜாவை வெட்டினார். நல்ல ரோஜா, வெட்ட வேண்டியதே இல்லை.

"பூட்ஸோடயா?"

"சேறோட."

கர்னல் பதினோரு நிமிஷத்தில் பெட்டியோடு கீழே வந்தார். அவருடைய அத்தை ஒருவருக்குத் திடீரென்று உடம்பு சரியில்லை. எல்லோரும் வருத்தப்பட்டோம். தெருவைக் கடந்து நேராகப் பிங்கம் விடுதிக்குப் போய் மணியை அடித்தார். வாசலில் அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

"அம்மா, என் கொள்ளுத்தாத்தா உங்க வீட்டு முன்னறையிலதான் பொறந்தாரு."

சனிக்கிழமை காலையில் டாக்டர் க்ரல் பல் செட்டை மாட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன்; வேறு யாரோ ஒருவர் என் முகத்தை வாடகைக்கு எடுத்துச் சிரிப்பதுபோல இருந்தது. "ரெண்டு நாளைக்கு மெல்லிசானதா சாப்பிடுங்க" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருப்பதைச் சொல்லவில்லை.

அன்றைக்கே ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் சங்கத்தைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை.

மூன்று அம்மாக்களும் மூன்று மணிக்கு வந்தார்கள். எதில் வந்தார்கள் என்பதுதான் விஷயம். அவ்வளவு தூரம் நடக்க முடியாத காரணத்தால் டைரீயின் வண்டியை அமர்த்திக்கொண்டு வந்திருந்தார்கள். டைரீ தொழில் சுத்தமானவர். ஏறியவர் யாரானாலும் முழுக் கதையும் சொல்வார். அவர் வாசலில் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்ட விதத்திலேயே, பூட்ஸ், முதுகு, தூண் எதுவும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்தது.

சங்கத் தலைவி திருமதி ஆக்டேவியா வெல்ஷ். அந்த அம்மா எங்களில் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. நேராக முன்னறைக்குப் போய், ஷூவைக் கழற்றி, நாலு தூண் கட்டிலில் படுத்தார். கதவைச் சாத்தினார்கள். ஒரு மணி நேரம் வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. மிஸ் லவீனியா கூடத்தில் நின்றுபோன கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி என்ன என்று அவரிடம் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

நாலு மணிக்குத் தலைவியம்மா வெளியே வந்தார். முதுகில் அன்னாசி முள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஷெர்ரியை ஒரு மிடறு குடித்தார்.

"லவீனியா" என்றார். "இந்த ஊர்ல நாட்டோட முதல் ஜனாதிபதி எத்தனை வீட்டுல தூங்கியிருக்காருன்னு தெரியுமா? எழுபத்தொண்ணு. அவர் இங்க இருந்ததே ஒரு வாரம். உன் மூணு தளபதியைப் பத்தியும் நான் இருபத்திரண்டு வருஷமாப் படிச்சுட்டுத்தான் இருக்கேன். ஒருத்தன் இந்த வீடு கட்டறதுக்கு மூணு வருஷம் முன்னாலயே செத்துட்டான்."

மிஸ் லவீனியாவின் கழுத்தில் இருந்த முத்துமாலை ஏறி இறங்கியது.

"ஆனா இந்த வடக்கத்தியான் விஷயம்" என்றார் தலைவியம்மா. "நாற்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். ஒரு வீடு, ஒரே ஒரு வீடுகூட எங்ககிட்ட வடக்கத்தியான் படுத்தான்னு ஒத்துக்கிட்டது கிடையாது. ரெண்டாயிரம் பேர் படையா வந்தான், அத்தனை பேரும் மரத்து மேலயா தூங்கினான்? நம்ம ஊர்ல யாரும் பெருமைக்காக இப்படி ஒரு பொய் சொல்ல மாட்டாங்க. மஸீக் வீட்டுப் பொண்ணு கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டா. அதனால இது உண்மையாத்தான் இருக்கணும். இந்தத் தெருவுல நான் கேட்ட முதல் உண்மை."

மற்ற இரண்டு அம்மாக்களும் தலையை ஆட்டினார்கள். பிஷப்பிடம் கற்றுக்கொண்டு வந்ததுபோல இருந்தது.

"தகடு உனக்குத்தான்" என்றார் தலைவியம்மா. "ஆனா மூணு தளபதி வேண்டாம், பிரபு வேண்டாம். தளபதி க்ரல் மட்டும். நீ கௌரவத்தின் பேர்ல உண்மைன்னு கையெழுத்துப் போடணும். முடியாதுன்னா சொல்லு, எதிர்ல பிங்கம்கிட்ட போறேன். அவகிட்டயும் ஏதோ ஒரு கர்னல் வந்திருக்கானாம், கொள்ளுத்தாத்தா அங்கதான் பொறந்தாராம்."

காகிதத்தை மேஜையில் வைத்தார்கள். பேனாவை வைத்தார்கள். மிஸ் லவீனியா என்னைப் பார்த்தார்; தொட்டியருகே நான் டைரீயோடு பேசியதை அவர் கவனித்திருக்க வேண்டும். அந்தப் பத்து நாளில் முதல் தடவையாக என்னை ஒரு மனிதனாகப் பார்த்தார். கொன்றுவிடலாம் என்று யோசிக்கும்போது எதிராளியை மனிதனாக மதித்துத்தானே ஆக வேண்டும்.

நான் அவரைப் பார்த்து என் புதுப் பல்லால் சிரித்தேன். அதைத் தவிர அந்தப் பல்லுக்கு வேறு எதுவும் இன்னும் தெரியாது.

"இவர்தான் அந்தக் கதையைக்..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். எதிர்ச்சாரி ஜன்னலில் இப்போது திரைச்சீலையே இல்லை; திருமதி பிங்கம் வெளிப்படையாகவே நின்றுகொண்டிருந்தார், கையில் பைனாகுலரோடு.

மிஸ் லவீனியா கையெழுத்துப் போட்டார். முழுப் பெயரும் போட்டார், நடுப்பெயர் இரண்டோடு. போட்டுவிட்டுப் பேனாவை என் பக்கம் நீட்டி, "சாட்சி வேணுமாம், மிஸ்டர் ஹாய்ட்" என்றார். "உங்க மனசு தங்கம்."

சாட்சிக் கையெழுத்து என்னுடையதுதான். போய்ப் பார்க்கலாம்.

தகடு ஜூன் மாதம் வந்தது. வாசலுக்கு வலப்பக்கம், கண் உயரத்தில் பதித்தார்கள். பதித்த மறுநாளே மிஸ் லவீனியா அதன் அடியில் ஒரு மல்லிகைக் கொடி நட்டார். அந்த மல்லிகைக்குத் தோற்றுப்போன தெற்குப் படையின் பெயர்தான் எங்கள் பக்கமெல்லாம். அதற்கு மீன் எலும்பு, முட்டை ஓடு, மிஞ்சிப்போன அன்னாசி எல்லாம் உரம் போட்டார். இரண்டே வருஷத்தில் தகடு இருந்த சுவடு தெரியவில்லை. சண்டையில் சாதிக்க முடியாததைச் சுவரில் சாதித்தார்கள்.

ஆனால் வண்டியில் டைரீ கதையை நிறுத்தவில்லை. வடக்கே ஒஹாயோவிலிருந்தும் மிச்சிகனிலிருந்தும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து, கொடியை இரண்டு கையாலும் விலக்கி, தகட்டைத் தேடிப் படித்துவிட்டு முன்னறையைத்தான் கேட்கிறார்கள். எட்டு மாதத்துக்கு இடமில்லை. பூட்ஸோடு படுத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார்களாம். மிஸ் லவீனியா அவர்கள் ஒவ்வொருவரிடமும் உங்கள் மனசு தங்கம் என்கிறார். அவர்கள் ஊருக்குப் போய், தெற்கத்திக்காரர்கள் எவ்வளவு அன்பானவர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறார்கள்.

டாக்டர் க்ரலும் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது தகட்டைப் படித்துவிட்டார். அன்றிலிருந்து பழைய காகிதங்களையெல்லாம் புரட்டி, தன் தாத்தா வழியில் அப்படி ஒரு தளபதி இருந்தது உண்மைதான் என்று கண்டுபிடித்து, ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் மறைத்து வருகிறார். எனக்கு மட்டும் சொன்னார், என் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாதே என்று. எப்படிச் சொல்ல முடியும்.

போன ஏப்ரலில் பல் செட்டு ஆடுகிறது என்று போயிருந்தேன். மிஸ் லவீனியா இப்போது எனக்குக் கொல்லைப்புறம் தருவதில்லை. மாடியில் இரண்டாவது நல்ல அறை. வராந்தாவில் உட்கார்ந்து எதிர்ச்சாரியைப் பார்த்தேன். பிங்கம் விடுதியின் முன்னறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே வெள்ளை மீசை தெரிந்தது. கால்மாட்டில் இருந்த அன்னாசிக் குவியல் ஜன்னல் விளிம்புவரை வந்துவிட்டது.

பிஷப் அந்த வாசலில் நின்றது. டைரீ கொடியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

நான் தங்கிய மூன்றாம் நாள் காலையில் கண் விழித்தபோது என் கட்டிலின் கால்மாட்டில் ஒரு அன்னாசி இருந்தது. நல்ல பழுத்த பழம். எனக்கு இப்போது பல் இருக்கிறது. தோலைச் சீவிவிட்டுச் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டு அனுப்பினேன்.